தாய்ப்பூனையிடம் யாரும் கேட்கவில்லை

1996ஆம் வருடம், பெரிய வியாழன் இரவு. என் சித்தி தன் இரண்டு பிள்ளைகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆலங்குடிப் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். பெரியவன் பின்னால் கேரியரில், சின்னவள் முன்னால் துண்டு கட்டிய பாரில். பதினோரு கிலோமீட்டர். சித்தியின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்தபடிதான் அந்த இருட்டில் மிதித்து வந்திருக்கிறாள்.

அம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாதாவே, நீதான் கொண்டாந்து சேத்த" என்று அழுதாள். அடுத்த இரண்டு நாட்களில் வந்து பார்த்தவர்கள் எல்லாருமே அதையேதான் சொன்னார்கள். ஆண்டவர் காப்பாற்றினார், மாதா வழிகாட்டினாள், காவல் சம்மனசு கூடவே வந்தது. கோயிலிலிருந்து ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார்: "ஜெபம் பத்தாதும்மா. நீ ஒழுங்கா முழங்கால் போட்டிருந்தா அவன் திருந்தியிருப்பான்."

அப்போது நான் பள்ளிக்கூட மாணவி. ஏதோ ஒன்று கணக்கில் இடிக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அடி வாங்கியதற்குக் காரணம் சித்தியின் முயற்சிக் குறைவு. தப்பித்து வந்ததற்குக் காரணம் கடவுளின் அருள். நஷ்டம் முழுவதும் அவள் பேரில், லாபம் முழுவதும் அவன் பேரில். எந்தக் கடையிலாவது இப்படிக் கணக்கு எழுதினால் ஒத்துக்கொள்வோமா?

ஆன்மிக வளர்ச்சியில் மனிதரின் பங்கு எவ்வளவு, கடவுளின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி கிறிஸ்தவத்தில் ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கும் மேலாகப் பேசப்பட்டு வருகிறது. நம் மண்ணிலும் அதே கேள்வியை வேறு பெயர்களில் பேசியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதைத் தீர்த்துவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இந்தக் கேள்வியை எழுப்பிய நூல்களில் பெண் எங்கே நிற்கிறாள், அவளுடைய உழைப்பு எந்தப் பெயரில் வரவு வைக்கப்படுகிறது என்று பார்க்க விரும்புகிறேன். அதற்காக ஜான் பன்யன், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பாமா மூவரையும் சேர்த்து வாசிக்கிறேன். அதற்கு முன்பு ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும்.

*

கி.பி. 410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டது. அங்கிருந்து வட ஆப்பிரிக்காவுக்குத் தப்பி ஓடிய பெருங்குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள் தெமெத்ரியாஸ். பாட்டி புரோபா, தாய் யூலியானா ஆகியோருடன் கார்த்தேஜில் இருந்தாள். கல்யாண ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, தனக்குத் திருமணம் வேண்டாம், கன்னியாகவே கடவுளுக்கு அர்ப்பணித்துக்கொள்கிறேன் என்றாள். 413இல் முக்காடு பெற்றாள்.

உடனே கிறிஸ்தவ உலகின் பெரிய ஆண்கள் பேனாவை எடுத்தார்கள். அவள் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெலாஜியுஸ் அவளுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். நன்மை செய்யும் ஆற்றலைக் கடவுள் மனித இயல்பிலேயே வைத்திருக்கிறார், உன்னால் முடியும், முயற்சி செய் என்பது அதன் சாரம். ஜெரோமும் தனியாக ஒரு கடிதம் எழுதினார். சில வருடங்கள் கழித்து அகுஸ்தினாரும் அவருடைய நண்பர் அலிப்பியுஸும் அவளுடைய தாய்க்கு எழுதினார்கள்: ஆன்மிகச் செல்வம் தன்னிடமிருந்தே வருகிறது என்று உங்கள் மகள் நினைத்துவிடக் கூடாது, அது கடவுளின் கொடை, அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுஸின் கருத்துகளைக் கண்டித்தது. அருள் வென்றது என்று திருச்சபை வரலாறுகள் எழுதுகின்றன.

முயற்சியா அருளா என்ற அந்தப் பெரும் விவாதத்தின் முக்கியமான கட்டம் ஓர் இளம்பெண்ணின் பெயரிட்ட கடிதத்தில் நடந்திருக்கிறது. அவளுக்கு வந்த கடிதங்கள் இருக்கின்றன, அவளைப் பற்றி அவள் தாய்க்குப் போன கடிதமும் இருக்கிறது. அவள் எழுதிய ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. பிற்காலத்தில் ரோமுக்குத் திரும்பி, லத்தீன் சாலையில் புனித ஸ்தேவானுக்கு ஒரு கோயில் கட்டுவித்தாள் என்பது தெரியும். அதன் இடிபாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டி எடுக்கப்பட்டன. கல்யாணத்தை மறுத்தவள், கோயில் கட்டியவள். அந்த மறுப்பு அவளுடைய துணிச்சலா, அவளுக்குள் நடந்த அருளா? இரண்டு பக்கமும் பதில் சொன்னார்கள். அவளைத் தவிர எல்லாரும் சொன்னார்கள்.

*

நம் ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். வைணவத்தில் இதே கேள்விக்கு இரண்டு உவமைகள் உண்டு என்பதைத் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவிகள் அறிவார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாய் கிளைக்குக் கிளை தாவும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். தாய் அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிப் போகும். மர்க்கட நியாயம், மார்ஜால நியாயம். வடகலை, தென்கலை. கிறிஸ்தவத்தையும் பக்தி மரபையும் ஒப்பிட்டு எழுதிய ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோவும் இந்த உவமைகளை எடுத்துப் பேசியிருக்கிறார்.

வகுப்பில் பல வருடங்களாக இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் மகள் பிறந்து ஆறு மாதம் கழித்துப் பணிக்குத் திரும்பி, தூக்கமில்லாத கண்களோடு கரும்பலகை முன்னால் நின்று இதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு உவமைகளிலும் உண்மையில் வேலை செய்வது தாய். குட்டி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தாவுவது தாய்க்குரங்கு, தூக்குவது தாய்ப்பூனை. விவாதமோ முழுக்கக் குட்டியைப் பற்றியது. பிடித்தால் போதுமா, சும்மா கிடந்தால் போதுமா? பசியோடும் பாலோடும் அந்தத் தாய் எப்படித் தாவினாள் என்று எந்த ஆசாரியரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே தாய் என்பது கடவுளுக்கு ஓர் உருவகம் மட்டும்தான். கடவுளுக்குக் களைப்பு கிடையாது.

வாழ்க்கையில் இந்த உருவகம் திரும்பி வந்து பெண் மேல் உட்காருகிறது. களைப்பில்லாத தாய் கடவுள் மாதிரி என்று சொல்லிச் சொல்லி, தாய் களைப்படையவே கூடாது என்று ஆகிவிட்டது.

எங்கள் மாவட்டத்தில் ஆவுடையார்கோயில் இருக்கிறது. அதுதான் திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு எல்லாவற்றையும் மறந்தார் என்பது தலபுராணச் செய்தி. தேடாமலே வந்து ஆட்கொண்ட அருளுக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தமிழில் இல்லை. பாதிரியாராக வந்த ஜி.யு. போப் தம் எண்பதாவது வயதில், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்த அருள் அனுபவம் ஒரு கிறிஸ்தவரையும் எட்டியது என்பதில் வியப்பில்லை. நானும் ஆவுடையார்கோயில் மண்டபத்தில் நின்று கண் கலங்கியிருக்கிறேன். ஆனாலும் ஓர் அமைச்சர் குதிரைப் பணத்தை மறந்து உட்கார்ந்துவிட முடியும். அடுப்பில் உலை வைத்தவள் அப்படி உட்கார முடியுமா? அருள் வந்து அழைக்கும்போது எழுந்து போவதற்கும், போகாமல் உட்கார்ந்துவிடுவதற்கும் ஒருவருக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது. அந்த ஓய்வை யார் கொடுக்கிறார்கள்?

*

பன்யனின் நூல் இந்தக் கேள்விக்கு நேராக நம்மைக் கொண்டுபோகிறது. 1678இல் வந்த 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்', மோட்சப் பயணம் என்ற பெயரில் உரைநடையாகத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்கு அடுத்தபடி படிக்கப்பட்டது. அதைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை எழுதி 1894இல் வெளியிட்டார். நெல்லைப் பக்கத்துக் கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர்; சாயர்புரத்தில் தமிழாசிரியர்; 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கம்பனில் ஊறியவர் என்பதால் கிறிஸ்தவக் கம்பர் என்கிறோம். சரணாகதி என்ற சொல்லோடு வளர்ந்த ஒருவர் இரட்சிப்பு என்ற சொல்லுக்குள் போனதால்தான் அந்தக் காப்பியத்தின் அருட்பாடல்களில் அவ்வளவு ஈரம் இருக்கிறது. பதினைந்து வருடங்களாக நான் விரும்பிப் பாடம் நடத்தும் நூல் அது. அதனால்தான் அதன் கதைப் போக்கோடு சண்டையும் போட வேண்டியிருக்கிறது.

பன்யனின் கதை இதுதான். அழியப்போகும் நகரத்தில் முதுகில் பாரத்தோடு ஒருவன் வாழ்கிறான். தப்பிக்க வேண்டும் என்று தெரிந்ததும் ஓடத் தொடங்குகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னால் கூப்பிடுகிறார்கள். அவன் காதில் விரல்களைத் திணித்துக்கொண்டு ஓடுகிறான். வழியில் சிலுவையின் அடியில் பாரம் தானாக அவிழ்ந்து விழுகிறது. அதில் அவன் முயற்சி ஒன்றும் இல்லை. அது அருள். அதற்குப் பிறகும் மலை ஏற வேண்டும், தூங்கிவிடாமல் இருக்க வேண்டும், அப்பொல்லியோனோடு வாளெடுத்துப் போராட வேண்டும். அது முயற்சி. இறையியல் நோக்கில் இரண்டையும் பன்யன் அழகாகப் பிணைத்திருக்கிறார். பாரத்தை இறக்குவது மட்டும் அவனால் ஆகாதது. நடப்பது அவன் வேலை.

ஆனால் விரலைக் காதில் திணித்துக்கொண்டு ஓடியவனின் வீட்டில் மறுநாள் என்ன நடந்தது? அரண்மனை ஒன்றில் அவனை வரவேற்கும் பெண்களில் ஒருத்தி, 'அன்பு' என்ற பெயருடையவள், மனைவி மக்களை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்கிறாள். பன்யனுக்குள்ளேயே அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. அவன் அழுகிறான், நான் கூப்பிட்டேன், அவர்கள் வரவில்லை என்கிறான். கேள்வி அத்தோடு முடிகிறது.

பன்யனின் சொந்த வாழ்க்கையில் அந்த வீடு யாரால் நின்றது என்று பார்க்க முடியும். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக அவர் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருடம் இருந்தார். உள்ளே இருந்தபடியே காலணி நாடாக்கள் செய்து குடும்பத்துக்கு உதவினார் என்பதையும் மறைக்கக் கூடாது. அவருடைய இரண்டாவது மனைவி எலிசபெத் இளம்பெண். மூத்த தாரத்தின் நான்கு பிள்ளைகள் அவள் பொறுப்பில்; அதில் ஒரு பெண்ணுக்குப் பார்வை இல்லை. கணவர் கைதான அதிர்ச்சியில் எலிசபெத்தின் முதல் பிரசவம் முன்கூட்டியே நிகழ்ந்து குழந்தை இறந்துபோனது. 1661இல் அவள் நீதிபதிகளின் முன்னால் போய் நின்று, கணவரை விடுவிக்கச் சொல்லி வாதாடினாள். அதைப் பன்யனே எழுதி வைத்திருக்கிறார். நீதிமன்றத்தில் அவள் காட்டிய அந்தத் தைரியம் பயணக் கதையில் எந்தப் பாத்திரத்துக்கும் போகவில்லை.

முதல் பாகத்தில் ஒரு காட்சியை என்னால் மறக்க முடியாது. ஒரு சுவரோரம் தீ எரிகிறது. ஒருவன் அதன் மேல் விடாமல் தண்ணீர் ஊற்றுகிறான். தீயோ அணையாமல் இன்னும் ஓங்கி எரிகிறது. காரணம் என்ன? சுவருக்குப் பின்னால் கண்ணில் படாமல் இன்னொருவர் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் ஊற்றுபவன் சாத்தான். எண்ணெய் ஊற்றுபவர் கிறிஸ்து. அருளுக்கு இதைவிட நல்ல உருவகம் நான் படித்ததில்லை. ஆயினும் 'சுவருக்குப் பின்னால் கண்ணில் படாமல்' என்றதும் எனக்கு எலிசபெத் ஞாபகம் வருகிறாள். என் அம்மா ஞாபகம் வருகிறாள். நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிய நான்கு வருடமும் என் பிள்ளையை வளர்த்தது அவள். நன்றியுரையில் முதல் வரி இறைவனுக்கு, இரண்டாவது வரி நெறியாளருக்கு, அம்மாவுக்கு ஏழாவது வரி. அந்தக் கணக்குப் பிசகை நானே செய்திருக்கிறேன்.

1684இல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். இந்த முறை மனைவி கிறிஸ்தியானா நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு மெர்சியையும் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறாள். அவள் காதில் விரல் திணிக்கவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிறாள். பெண்களின் பயணம் கூட்டாகத்தான் இருக்கும் என்பதைப் பன்யன் கவனித்திருக்கிறார், அதற்காக அவருக்கு நன்றி. ஆனால் வாசல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டு கயவர்கள் அந்தப் பெண்களை வழிமறித்துக் கை வைக்க வருகிறார்கள். அவர்கள் கூச்சலிட, உதவிக்கு ஒருவர் வருகிறார். வந்தவர் சொல்வது என்ன தெரியுமா? நீங்கள் பலவீனமான பெண்கள், வாசலில் ஆண்டவரிடம் ஒரு துணையாளைக் கேட்டிருக்க வேண்டாமா, ஏன் கேட்கவில்லை? கிறிஸ்தியானாவும் அது தன் தவறு என்று ஏற்றுக்கொள்கிறாள்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஜெபம் பத்தாதும்மா" என்று சொன்ன பெரியவரின் குரல் அப்படியே கேட்டது. 1684க்கும் 1996க்கும் நடுவே முந்நூற்றுச் சொச்சம் வருடம். பயணத்தில் ஆண் இடறினால் அது சோதனை. பெண் தாக்கப்பட்டால் அது அவள் கேட்க மறந்த ஜெபம்.

*

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று அதைக் கொண்டாடுகிறோம், சாதியைப் பற்றிய நூலாகவே பாடம் நடத்துகிறோம். அது சரிதான். ஆனால் அதை ஆன்மிகத் தன்வரலாறாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் வாதம். முயற்சி, அருள் என்ற இரண்டு சொற்களும் நம் சமூகத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதை அவ்வளவு கூர்மையாகக் காட்டிய தமிழ் நூல் வேறில்லை.

நூலின் முதல் பாதியில் முயற்சியின் வாக்குறுதி இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு எடுத்துப் போவதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அது தீட்டு என்று அண்ணன் விளக்குகிறார். படி, முன்னுக்கு வா, அப்போது மதிப்பார்கள் என்றும் அவரே சொல்கிறார். அவள் படிக்கிறாள், முதலிடம் வாங்குகிறாள், ஆசிரியை ஆகிறாள். அவமதிப்பு போகவில்லை, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து போகிறாள். முயற்சித்தால் முடியும் என்ற பெலாஜியுஸின் கட்சி இங்கே உடைகிறது. ஒருத்தியின் முயற்சியால் ஊரின் அமைப்பு மாறுவதில்லை.

அடுத்து மடத்துக்குள் போகிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்ற ஆசையோடு போனவர் அங்கே காண்பது வேறு. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக இருக்கிறார்கள். பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பணி கொடுக்கப்படுகிறது. தலித் மக்களைப் பற்றி மேசையில் இழிவாகப் பேசுகிறார்கள். கீழ்ப்படி, தாழ்ச்சியாக இரு, உன் சித்தத்தைக் கையளி என்று கற்றுத் தருகிறார்கள். அருள் என்ற சொல் இங்கே கீழ்ப்படிதலுக்கான இன்னொரு பெயர் ஆகிறது. ஆக, பெலாஜியுஸும் அவருக்கு உதவவில்லை, அகுஸ்தினாரும் உதவவில்லை.

சாந்தமும் பொறுமையும் மட்டுமே கொண்டவராகத் தனக்குக் காட்டப்பட்ட கடவுளை, பாமா விவிலியத்தில் வேறு விதமாகக் கண்டுகொள்கிறார். அநீதியைக் கண்டு கோபப்படும் கடவுள், ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் கடவுள். அந்த மேடை இந்தக் கடவுளை ஏன் மறைத்தது என்று கேட்கிறார். அருளை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அருள் யார் வாயிலிருந்து வருகிறது, யாரை அடங்கச் சொல்கிறது என்று கேட்கிறார். ஏழு வருடம் கழித்து மடத்தைவிட்டு வெளியே வந்தது துறவறத்தில் தோல்வி என்று மடம் சொல்லும். எனக்கு அது கிறிஸ்தியானா வீட்டைவிட்டுக் கிளம்பியதற்கு இணையான புறப்பாடு. வித்தியாசம் என்னவென்றால், பாமா வெளியேறிய நகரத்தின் பெயரே மோட்ச நகரம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

'கருக்கு' பெண் என்ற நிலையைப் பற்றி அதிகம் பேசவில்லை என்ற குறை உண்டு. அந்த வேலையை 1994இல் வந்த 'சங்கதி' செய்கிறது. அங்கே பேய் பிடிப்பது பெண்களுக்குத்தான். வயலிலும் வீட்டிலும் ஓயாத வேலை, கணவனின் அடி, பேசவிடாத ஊர். அதில் நொறுங்கிய மனம் பேயாக ஆடுகிறது என்று பாமா யோசிக்கிறார். அருள் வந்து ஆடுவதும் பேய் வந்து ஆடுவதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஒரு சமூகத்தில், முயற்சி அருள் விவாதத்துக்குள் களைப்பு என்ற மூன்றாவது சொல்லையும் கொண்டுவந்தவர் அவர்.

*

1960இல் வாலரி சேவிங் என்ற அமெரிக்கப் பெண் இறையியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றாலே அகந்தை, தன்னை முன்னிறுத்துவது என்று ஆண் இறையியலாளர்கள் எழுதுகிறார்கள். அது ஆண்களின் அனுபவம். பெண்களின் ஆபத்து வேறு: தன்னைச் சிதறவிடுவது, தனக்கென்று ஒரு மையமே இல்லாமல் மற்றவர்களின் தேவைக்குள் கரைந்துபோவது. அகந்தைக்காரனுக்குத் தன்னை வெறுத்துவிடு என்ற மருந்து பொருந்தலாம். ஏற்கெனவே கரைந்துபோனவளுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? சேவிங் எழுதியது வெள்ளை நடுத்தர வர்க்கத்துப் பெண்களை மனதில் வைத்து. வயல் வேலை செய்யும் தலித் பெண்ணின் களைப்பு அதில் இல்லை என்ற விமர்சனம் நியாயமானது. பாமாவையும் சேவிங்கையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்படி என் மாணவிகளிடம் சொல்வது அதனால்தான்.

பவுலடிகள் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் வருகின்றன. உங்கள் மீட்புக்காக நீங்களே உழையுங்கள் என்கிறது ஒன்று. உங்களுக்குள் செயல்படுகிறவர் கடவுளே என்கிறது அடுத்தது. முயற்சிக்காரர்கள் முதலாவதையும் அருள்காரர்கள் இரண்டாவதையும் எடுத்துக்கொள்வார்கள். சமநிலை வேண்டும் என்பவர்கள் இரண்டையும் தராசில் வைப்பார்கள். எல்லாரும் விட்டுவிடுவது அந்த 'உங்கள்' என்ற சொல்லை. கிரேக்கத்தில் அது பன்மை. தமிழில் மரியாதைக்கும் பன்மைக்கும் ஒரே சொல் என்பதால் மேடையிலிருந்து கேட்கும்போது அது தனியாளை நோக்கிய சொல்லாகிவிடுகிறது: உன் மீட்பை நீ பார்த்துக்கொள். கடிதமோ ஒரு சபைக்கு, ஒரு கூட்டத்துக்கு எழுதப்பட்டது. அதே கடிதத்தின் கடைசிப் பகுதியில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களின் பெயர் வருகிறது. தன்னோடு சேர்ந்து பாடுபட்டவர்கள் என்று பவுல் அவர்களைச் சொல்கிறார். அவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல். பிரசங்கங்களில் அந்த மனத்தாங்கல் மட்டும்தான் வரும், பாடுபட்டது வராது.

பன்மையில் வாசித்தால் கேள்வியே மாறிவிடுகிறது. நான் எவ்வளவு, கடவுள் எவ்வளவு என்ற இருவர் கணக்கு போய், நாம் என்ற மூன்றாவது தரப்பு வருகிறது. அருள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது என்று நான் நம்புகிறேன். நம்பிக்கை என்றே சொல்கிறேன், நிரூபணம் என்று அல்ல.

*

சித்திக்கு சைக்கிள் எப்படித் தெரிந்தது? 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்து, கிராமம் கிராமமாகப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பொட்டலிலும் கண்மாய்க் கரையிலும் சாயங்காலமானால் பெண்கள் விழுந்து எழுந்துகொண்டிருந்ததைச் சிறுமியாக நான் பார்த்திருக்கிறேன். ஆம்பளை சைக்கிள்தான். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பாரைத் தாண்டிக் கால் போடுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும். ஊர் சிரித்தது, பாட்டுக் கட்டியது. அப்புறம் பழகிக்கொண்டது.

சித்திக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி கல் உடைக்கும் வேலைக்குப் போகிறவள், ஒருத்தி அங்கன்வாடி ஆயா, ஒருத்தி சித்தியின் நாத்தனார். முறை வைத்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்திருக்கிறார்கள். அந்த நாத்தனார்தான் அந்த வியாழக்கிழமை இரவு புழக்கடைக் கதவைத் திறந்துவிட்டு, காற்று அடித்த சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியவள். தன் அண்ணனுக்கு எதிராக. இந்தச் செய்தி எங்கள் வீட்டுக் கதையில் பல வருடம் வரவே இல்லை. மாதா வந்தாள், சம்மனசு வந்தது, நாத்தனார் வரவில்லை. போன வருடம் அவள் செத்துப்போன துக்கத்துக்குச் சித்தி போய்விட்டு வந்தபோதுதான் சொன்னாள்.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன். "சித்தி, அந்த ராத்திரி மாதா கொண்டாந்து சேத்தான்னு எல்லாரும் சொன்னாங்களே, உனக்கு என்ன தோணுது?"

சித்தி வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். "காலு வலிச்சுச்சு. ரெண்டு நாளைக்கு நடக்க முடியல, அது ஞாபகம் இருக்கு. மாதாவே மாதாவேன்னு சொல்லிக்கிட்டேதான் மிதிச்சேன், அதுவும் நெசந்தான். புள்ள தூங்கி விழுந்துருவாளோன்னு அவ பேரையும் கூப்புட்டுக்கிட்டே வந்தேன். இதுல எது எதுன்னு நீ பிரிச்சு என்னடி பண்ணப் போற?"

"பிரிக்கல சித்தி. ஜெபம் பத்தலன்னு அந்தப் பெரியவரு சொன்னாருல்ல, அதுக்குத்தான் கேக்கறேன்."

"அவரு கெடக்காரு. அவரு வீட்டுல யாரு அடி வாங்குனா?"

சித்தி இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கும் போகிறாள். அங்கே சொல்வதில் பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. அதை அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் அங்கே அடி வாங்கும் பெண்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்கிறாளாம். கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவாளாம். இரண்டு பேரை மகளிர் காவல் நிலையம் வரை கூட்டிப் போயிருக்கிறாள். ஒருத்தி திரும்பிப் போய்விட்டாள். இன்னொருத்தி போகவில்லை.

அந்த இன்னொருத்தி சாட்சி சொல்லும்போது, கர்த்தர் என்னை விடுவித்தார் என்று சபையில் சொன்னாளாம். சித்தியின் பெயரைச் சொல்லவில்லை. உனக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். "கொஞ்சம் இருந்துச்சு" என்றாள் சித்தி. "அப்பறம் அவளே மாம்பழம் கொண்டாந்து குடுத்தா."